மறுப்பு நூலை மறைத்துவைக்கலாமா?

(குடாநாட்டுக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டுவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"சமயமும் வாசிப்பும்" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இப்பொருளில் எவர் மனமும் நோகாத வண்ணம் சில இனிய வார்த்தைகளைக் கூறி விடைபெற்றுக்கொள்ளலாம். ஆனால் இவ்வாசிகசாலையில் இப்பொழுது ஒரு கேள்வி எழுந்திருக்கின்றது. அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பேசுவது முறையன்று. கடவுட் கொள்கையை மறுக்கும் நூல்கள் இரண்டு நம் அலமாரியில் இருக்கின்றன. ஒன்று பெரியாரின் கட்டுரைத் தொகுதி. மற்றது ஆபிரகாம் கோவூரின் நூல். அவற்றை அகற்றவேண்டுமென்று சிலர் நிர்வாக சபைக்கு எழுதிக்கொடுத்திருக்கின்றனர். கையொப்பமிட்டோரிற் பலர் எனக்கு உறவினர். கோயிற் காரியங்களில் முன்னிற்பவர்கள். பிள்ளைகளின் நம்பிக்கை கெட்டுப்போகுமோ என்று பெற்றோர் அஞ்சுவதை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆயினும் அந்நூல்களை அகற்றலாகாது என்பதே என் துணிபு. அதற்கு நாத்திகர்களைச் சாட்சிக்கு அழைக்கப்போவதில்லை; நம் சமயப் பெரியோர்களையே அழைக்கின்றேன்.

சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் சிவஞானசித்தியாரின் பெருமையை இங்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை. அதனை இயற்றியவர் அருணந்தி சிவாசாரியர். அந்நூல் எவ்வாறு தொடங்குகின்றது? பரபக்கம், சுபக்கம் என்று அது இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கைகளைக் கூறும் பரபக்கம் முன்னே நிற்க, தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் பின்னே வருகின்றது. பரபக்கத்திலே 14 மதங்கள் ஆராயப்படுகின்றன. அவற்றுள் முதலாவது எது தெரியுமா? உலகாயதம். கண்ணாற் காண்பதே பிரமாணம், நிலம் நீர் தீ காற்று என்னும் நான்குமே மெய், அவற்றின் சேர்க்கையிலேதான் அறிவு தோன்றுகின்றது, மறுபிறப்பென்று ஒன்றில்லை என்று கூறும் மதம் அது. இன்று எந்த நூலுக்காக நாம் இவ்வளவு கலக்கமடைகின்றோமோ, அந்நூலின் சாரம் ஏறத்தாழ அதுவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலகாயதன் தன் கட்சியை முழுதும் சொல்ல ஆசிரியர் இடம்கொடுக்கின்றார். அவன் பேசி முடித்த பின்னரே மறுப்புத் தொடங்குகின்றது. பௌத்தர் நால்வகையார்க்கும் சமணர்க்கும் ஏனையோர்க்கும் இம்முறையே கையாளப்படுகின்றது. எதிரியை வாய்திறக்க விடாமல் வென்றுவிட்டதாகப் பறைசாற்றும் பழக்கம் அப்பெரியாரிடம் இல்லை.

காணி வழக்கிற் பழகிய நம் கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. வேலி எல்லையைப்பற்றி வழக்கு வைத்த ஒருவர், எதிரி நீதிமன்றத்திற் கொடுத்த மறுமொழியை வாசிக்கவே மாட்டேன், என் உறுதி என் பெட்டகத்தில் இருக்கின்றது, அது போதும் என்று சொன்னால் அவருடைய சட்டத்தரணி என்ன செய்வார்? வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிடுவார். பத்துப் பரப்புக் காணிக்கு இவ்வளவு விழிப்பு நமக்கு உண்டு.

நிற்க. யாழ்ப்பாணத்திலே நம் சமயத்தைக் காத்தவர் என்று நாம் போற்றும் நாவலர் பெருமானுக்கு வருகின்றேன். 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுகநாவலர் கல்வி கற்றதும் பின்னர் ஆசிரியராய் இருந்ததும் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையிலே. அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. பாதிரியார் பைபிளைத் தமிழாக்கிய பணியில் அவருக்கு வலக்கரமாய் நின்றவர் நாவலர். மொழிபெயர்ப்புக்குத் துணைநிற்பவன் ஒரு நூலை எவ்வாறு படிக்கின்றான் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு சொல்லையும் தாண்டிச் செல்ல அவனுக்கு உரிமையில்லை. வாக்கியந்தோறும் இதன் கருத்து என்ன, தமிழில் இதற்கு நேரான சொல் எது என்று நின்று நின்று செல்லவேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களிலும் அந்நூலை அவ்வளவு நுணுக்கமாகக் கற்றவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அதன் பயன் யாது? 1847 டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டிற் சைவப் பாடசாலை கண்டார். 1854இற் சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது. கோயில், தீபம், தூபம், நைவேத்தியம், திருவிழா என்பவற்றைப் பாதிரிமார் அநாகரிகம் என்று இகழ்ந்தபொழுது, மோசே வகுத்த ஆராதனை விதிகளையும் எருசலேம் தேவாலயத்து வழிபாட்டையும் அவர்களுடைய வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டி, "இவை அங்கே தகுமானால் இங்கே ஏன் தகா?" என்னும் கருத்துப்பட அவர் வினாவினார். பைபிளைத் தீண்டமாட்டேன் என்று அவர் ஒதுங்கியிருந்தால் இவ்வினா பிறந்திராது. நாவலர் படத்துக்கு மாலையிட்ட கையினாலேயே நூலை அகற்றும் மனுவிலும் கையொப்பமிடுவது எனக்கு விளங்கவில்லை. (சிரிப்பு)

நம்மவருடைய வழக்கு மட்டுமே இது என்று எண்ணற்க. இமாம் கஸ்ஸாலி, தத்துவவாதிகளை மறுப்பதற்குமுன் அவர்கள் கொள்கை இன்னதென்று விளக்கித் தனியாக ஒரு நூல் எழுதினார். 1111இல் மறைந்த அவருடைய அந்நூலை இலத்தீனில் வாசித்த ஐரோப்பியர், அதனை எழுதியவரும் தத்துவவாதிகளுள் ஒருவரே என்று நெடுங்காலம் மயங்கியிருந்தனர். அத்துணை நேர்மையாக அவர் எதிர்க்கட்சியை எழுதிவைத்தார். நம் தீவிலே 1873இற் பாணந்துறையில் நடந்த பௌத்த கிறிஸ்தவ வாதத்தையும் நீங்கள் அறிவீர்கள். மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பைபிளை எடுத்துப் பேச, டேவிட் டி சில்வா பாதிரியார் பாளி நூல்களை எடுத்துப் பேசினார். ஆயிரக்கணக்கான மக்கள் கூடியிருந்து கேட்டனர்.

இதற்கு மாறாக நடந்தால் என்ன நேரும்? குண்டலகேசி ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்று, பௌத்த நூல். இன்று அதனை எவராலும் முழுமையாகப் படித்தல் இயலாது. சில பாடல்களே எஞ்சியுள்ளன. அவையும் அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரையிலும், புறத்திரட்டு முதலிய தொகுப்புகளிலும் ஒட்டிக்கொண்டு கிடந்தவை. மற்றைக் காப்பியங்களிற் சில பிழைத்ததற்கும் மாற்றுச் சமயத்தவரின் உழைப்பே காரணம். சைவராகிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளிற் சென்று ஐயந்தெளிந்து சீவக சிந்தாமணியை 1887இற் பதிப்பித்தார். நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பௌத்த இலக்கணமாகிய வீரசோழியத்தை 1881இலும், சமண காவியமாகிய சூளாமணியை 1889இலும் அச்சேற்றினார். பிற சமயத்து ஏடு என்று அவர்கள் அதைக் கட்டி ஒதுக்கியிருந்தால் தமிழுக்கு எவ்வளவு நட்டம்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களுடன் எரிக்கப்பட்டதைக் கண்ட மக்கள் நாம். இரண்டு நூல்களை அலமாரியிலிருந்து எடுப்பதை அக்கொடுமையோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் இந்த வேண்டுகோள் நம் ஊரில் எழும்போது மற்றோர் ஊரைவிட நமக்குச் சற்று அதிகமாக உறுத்தவேண்டும்.

இனி, உங்கள் முகத்திலே தோன்றும் வினாவுக்கு வருவோம். நாவலர் வாசித்தார், உறுதியாக நின்றார், எல்லோரும் நாவலரா? இல்லை. கோவூரின் தந்தையார் மலையாள நாட்டு மார்த்தோமா திருச்சபையில் உயர்ந்த பதவி வகித்த குருவானவர். மகனோ சமயத்தை முற்றாகத் துறந்தார். அவரும் நாவலர் படிப்பித்த அதே மத்திய கல்லூரியிலே தாவரவியல் கற்பித்தவர் என்பது ஒரு வேடிக்கை. ஆகவே வாசித்த அனைவரும் கோயிலுக்குத் திரும்பிவருவர் என்று நான் உங்களுக்கு வாக்குறுதி தரமுடியாது. சிலர் வராமலும் போவர். அந்த இழப்பு எனக்கும் வருத்தமே. ஆயினும் ஒரு நூலைக் கண்ட அளவில் உதிர்ந்துவிடும் பக்தி, வேலை தேடிக் கொழும்புக்கோ கனடாவுக்கோ சென்ற முதல் மாதத்திலேயே உதிர்ந்துவிடும். நூலை ஒளிப்பதனால் நாம் அதை ஆறுமாதம் தள்ளிப்போடுகின்றோம், அவ்வளவே.

அன்றியும், ஒளித்தல் இக்காலத்தில் இயலுமா? பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலே நான்கு வரி ஏளனமும் ஒரு கேலிச் சித்திரமும் நாள்தோறும் வந்து விழுகின்றன. அவற்றுக்கு ஆசிரியர் இல்லை, பொறுப்பும் இல்லை. அவற்றைவிட, தன் பெயரைப் போட்டு, காரணங் காட்டி, இருநூறு பக்கம் எழுதிய ஒருவனின் நூல் எவ்வளவோ மேலானது. அதனோடு வாதிக்கலாம்; பக்கத்தைக் காட்டி இது பிழை என்று சொல்லலாம். கோவூர் மறுத்தவற்றிற் போலிச் சாமிமாரின் தந்திரங்கள் பல உண்டு. அவற்றை மறுத்ததற்காகச் சைவன் அவருக்கு நன்றி கூறலாமேயன்றிக் கோபிக்க வேண்டியதில்லை. சாமியாரின் கையிலிருந்து திருநீறு கொட்டுவதிலா நம் சித்தாந்தம் தங்கியிருக்கின்றது?

எவரையும் கட்டாயப்படுத்தி வாசிப்பிக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர், முதுமையில் திருவாசகத்தைப் பற்றிக்கொண்டு வாழ்பவர் ஆகியோரிடம் இந்நூல்களை நீட்டுவது பண்பன்று. சிறு பிள்ளைகளுக்கு முதலில் தம் சமயத்தை ஒழுங்காகக் கற்பியுங்கள். நம் வீடுகளில் அது நடக்கின்றதா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னொரு கூட்டம் வேண்டும். ஆனால் உயர்தர வகுப்பில் இருக்கும் ஒருவன் அந்நூலைக் கேட்டால், நூலகர் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கவேண்டும். வாசித்துவிட்டு அவன் ஐயம் கேட்டால் விடை சொல்வதற்கு ஒருவர் இருக்கவேண்டும். மாதத்தில் ஒரு மாலை இங்கே கூடி, மறுப்பு நூலின் ஓர் அதிகாரத்தையும் பரபக்கத்தின் ஒரு பகுதியையும் அடுத்தடுத்து வாசித்து ஆராயலாம் என்று நிர்வாக சபைக்கு யோசனை கூறுகின்றேன். கிறிஸ்தவ அன்பர்களும் வரலாம். நம்பிக்கையில்லாத இளைஞர்களும் வரலாம். அவர்களுடைய கட்சியை அவர்களே சொல்லட்டும்.

இதற்கு ஒரு தடை உண்டு. இன்று பிற்பகல் கூட்டந் தொடங்குமுன் சமய நூல்கள் வைத்திருக்கும் தட்டைப் பார்த்தேன். சிவஞானசித்தியார் இருக்கின்றது, ஆனால் சுபக்கம் மாத்திரமே. பரபக்கம் இல்லை. பதிவேட்டைப் புரட்டினேன், எக்காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. உரையோடு கூடிய பிரதி ஒன்றை வாங்கித் தரும் செலவை நான் ஏற்றுக்கொள்கின்றேன். அது வந்து சேரும்வரை மற்ற இரு நூல்களும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.