ரெண்டு சீட்டு, ஒரே அம்மா

இன்னிக்கு கோடிங் கதை இல்லை, அம்மா கதை.

அம்மாவுக்கு சுகர். ராத்திரியானா பாதம் எரியும். அதுக்கு சுகர் டாக்டர் ப்ரீகாபலின் கொடுத்து ரெண்டு வருஷமாச்சு, பிரச்சினை இல்லை. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சது. எலும்பு டாக்டர் வலிக்கு டிராமடால் எழுதினார். சுகர் மாத்திரை பத்தி அவர் கேட்கலை, நாங்களும் சொல்லலை. ரெண்டு சீட்டு, ரெண்டு மெடிக்கல் ஷாப்.

மூணாம் நாள். அஞ்சரைக்கே எழுந்து காபி போடற அம்மா, ஒன்பது மணிக்கும் எழுந்திருக்கலை. உலுக்கினா பாதி வார்த்தை பேசிட்டு மறுபடி தூங்கறாங்க. மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு எட்டு. சும்மா படுத்திருக்கிற பெரியவங்களுக்கு பன்னிரண்டாவது இருக்கணும். உடனே 108-க்கு போன் பண்ணேன்.

ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சாங்க. டியூட்டி டாக்டர்தான் புரிய வெச்சாங்க. ரத்தத்துல கரியமில வாயு ஏறினா, மூச்சு விடுன்னு மூளைத்தண்டு உத்தரவு போடும். டிராமடால் மாதிரி ஓபியாய்டு மருந்து அந்த உத்தரவை மழுங்கடிக்கும். ப்ரீகாபலின், காபாபென்டின் ரெண்டும் நரம்பை அடக்கற மருந்து. அதுங்களும் தூக்கத்தைக் கூட்டும், கூட சேர்ந்தா மூச்சையும் அமுக்கும். இதுங்க சிறுநீரகம் வழியாத்தான் வெளியே போகும். அம்மாவுக்கு கிரியாட்டினின் கொஞ்சம் அதிகம், அதனால மருந்து உள்ளேயே தேங்கியிருக்கு. நம்ம பாஷையில, யூனிட் டெஸ்ட் ரெண்டும் பாஸ், இன்டக்ரேஷன் டெஸ்ட்டை யாரும் ஓட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்து படிச்சேன். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஓபியாய்டு மட்டும் எடுத்தவங்களோட ஒப்பிட்டா, காபாபென்டினும் சேர்த்து எடுத்தவங்க ஓபியாய்டால இறக்கிற வாய்ப்பு சுமார் 49 சதவீதம் அதிகம். 2019 டிசம்பர்ல அமெரிக்காவோட எஃப்டிஏ இந்த மூச்சுப் பிரச்சினைக்கு எச்சரிக்கையே விட்டிருக்கு. வயசானவங்க, நுரையீரல் நோய் இருக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் கூட. தூக்க மாத்திரையும் சரக்கும் சேர்ந்தா கேட்கவே வேணாம்.

ஒண்ணு, இதைக் கேட்டுட்டு யாரும் வீட்டுல மாத்திரையை டக்குனு நிறுத்திடாதீங்க. ப்ரீகாபலினை திடீர்னு விட்டா வலிப்புகூட வரலாம். சில டாக்டர்கள் தெரிஞ்சே, டோஸைக் குறைச்சு ரெண்டையும் கொடுப்பாங்க. அவங்களுக்குத் தெரியுமாங்கறதுதான் கேள்வி.

இப்போ எலும்பு டாக்டர் டிராமடாலை எடுத்துட்டு பாராசிட்டமால் கொடுத்திருக்கார். எல்லா சீட்டையும் போட்டோ எடுத்து என் போன்ல வெச்சிருக்கேன். அம்மாவுக்குத்தான் கோபம். "வலிக்குதுடா, அந்த பழைய மாத்திரைல எவ்வளவு நல்லா தூங்கினேன் தெரியுமா"ங்கறாங்க.