பேச்சை மீட்டுத் தரும் தொழிலுக்கு நம் பிள்ளைகள் வரட்டும்!

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குரல் கொடுத்தே பழகிய நாம், இன்று குரல் இழந்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

பக்கவாதம் கண்ட பால்வெட்டுத் தொழிலாளியை நாம் பார்த்திருக்கிறோம். எண்ணம் மனதில் இருக்கிறது. சொல் நாவுக்கு வருவதில்லை. 'புத்தி போய்விட்டது' என்று லயத்திலே முடிவு கட்டிவிடுகிறோம். அது தவறு! பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கமே பேச்சை ஆள்கிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சொல் தடுமாறும்; அதனால் அறிவு அழிந்துவிட்டதென்று பொருளல்ல. முறையான பயிற்சியால் பலருக்குப் பேச்சு தேறும். இரண்டு வயது கடந்தும் பேசாத குழந்தையையும் 'தானே பேசும்' என்று விட்டுவிடாமல், காதைச் சோதிக்கச் செய்ய வேண்டும்.

இப்பயிற்சி தருபவரே பேச்சுச் சிகிச்சையாளர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் இதற்கான நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மருத்துவம் சார்ந்த தொழில்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஆனால், தமிழிலேயே வாழ்ந்த பாட்டிக்கு வேற்றுமொழியில் பயிற்சி கொடுத்துப் பயனென்ன? 'தண்ணி', 'சோறு', 'மங்கு' என்று அவர் நாவறிந்த சொல்லிலல்லவா தொடங்க வேண்டும்! அச்சொற்களை அறிந்தவர்கள் நம் பிள்ளைகளே.

பெற்றோர்களே! அறிவியல் படிக்கும் மகனிடமும் மகளிடமும் இப்படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள். மனுப் பாரம் எழுதக் கிராணிமார் நாங்கள் துணை நிற்போம். படித்து உயர்ந்தவர்கள் தோட்டத்தை மறவாதிருக்கட்டும்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!