சிற்றூரின் குடிநீரும் முன்னேற்பாடும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குடிநீர். குடிநீர் என்றவுடன், மழை பொய்த்த காலத்தில் அது கிடைக்காமற்போவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் சொல்லப்போவது அதுவன்று. நாள்தோறும் தவறாமல் குழாயில் வந்துகொண்டிருக்கும் நீர் ஒரு நாள் திடீரென்று நஞ்சாகிவிட்டால் யார் என்ன செய்ய வேண்டும், யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றியே பேசப்போகிறேன். கேட்ட அளவில் இது ஏதோ அலுவலகத்துக் காகித வேலை போலத் தோன்றலாம். உண்மையில் இது உயிர் காக்கும் வேலை. அதிலும், பெருநகரங்களைவிடச் சிற்றூர்களுக்கே இது மிகுதியும் வேண்டப்படுவது.

ஏன் என்று கேட்பீர்கள். பெருநகரத்துக் குடிநீர் நிலையத்தில் பொறியாளர்கள் பலர் இருக்கிறார்கள். நீரைச் சோதித்தறியச் சொந்தப் பரிசோதனைச் சாலை இருக்கிறது. ஒரு பம்பு நின்றால் மற்றொரு பம்பு ஓடும். ஓர் ஊற்று கெட்டால் மற்றோர் ஊற்று கைகொடுக்கும். சிற்றூரின் நிலை வேறு. அங்கே இருப்பது ஒன்றிரண்டு கிணறு; ஒரு மேல்நிலைத் தொட்டி; அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓரிருவர். பம்பை ஓட்டுபவர் அவரே. குளோரின் கலப்பவர் அவரே. உடைந்த குழாயை ஒட்டுபவர் அவரே. மாலையில் உட்கார்ந்து கணக்கெழுதுபவரும் அவரே. அவர் நோயுற்றுப் படுத்துவிட்டால், எந்த அடைப்பானை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லக்கூட ஊரில் ஆள் இருக்கமாட்டார். ஆபத்து மட்டும் ஊரின் அளவைப் பார்த்து வருவதில்லை. பெருமழையும், மின்தடையும், கிருமியும் பெரிய ஊருக்கு வருவது போலவே சிறிய ஊருக்கும் வருகின்றன.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கனடா நாட்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அந்நாட்டின் ஒண்டேரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஓர் ஊர். 2000ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 4,800. ஊருக்குக் கிணறுகளிலிருந்து நீர் வழங்கப்பட்டது. அவற்றுள் ஐந்தாம் எண் கிணறு ஆழங்குறைந்தது. பக்கத்தில் ஒரு பண்ணை. அவ்வாண்டு மே மாதம் 8ஆம் நாள் முதல் 12ஆம் நாள் வரை கடுமையான மழை பெய்தது. பண்ணையில் எருவாக இட்டிருந்த சாணத்தின் கழிவு மழைநீரோடு நிலத்துள் இறங்கிக் கிணற்றில் கலந்தது. அதில் ஈ. கோலி என்னும் கிருமியின் கொடிய வகை ஒன்றும், காம்ப்பைலோபாக்டர் என்னும் கிருமியும் இருந்தன. அந்தப் பண்ணைக்காரர் எருவிடுவதில் முறை தவறியவரல்லர் என்பது பின்னால் நடந்த விசாரணையில் தெளிவாயிற்று.

கிருமி கிணற்றில் புகுந்ததற்காக ஊர் அழிந்துவிட வேண்டியதில்லை. நீரில் போதிய குளோரின் கலந்திருந்தால் அது கிருமியைக் கொல்லும். கலந்த குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நாள்தோறும் அளந்து பார்த்திருந்தால், ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்திருக்கும். அங்கே நடந்ததோ வேறு. குளோரினைக் குறைவாகக் கலப்பதும், அளக்காமலே அளந்ததாகக் கணக்கெழுதுவதும் நெடுநாள் வழக்கமாகிவிட்டிருந்தன. நிலையத்தை நடத்தியவர்களுக்கு முறையான பயிற்சி இல்லை. தாமும் அந்த நீரையே குடித்துவந்த அவர்கள், அது நல்ல நீர் என்று உண்மையாகவே நம்பியிருந்தார்கள்.

மே மாதம் 17ஆம் நாள், நீரைச் சோதித்த பரிசோதனைச் சாலை, மாதிரிகளில் கிருமி இருப்பதாக நிலைய மேலாளருக்கு அறிவித்தது. அவருக்கு மட்டுமே அறிவித்தது. சுகாதார அதிகாரிக்கும் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அப்போது அங்கே இல்லை. மேலாளர் தாமே குழாய்களைக் கழுவிவிட்டு, குளோரினை மிகுதியாகக் கலந்து, யாரும் அறியாமல் நிலைமையைச் சரிப்படுத்திவிட முயன்றார். குழந்தைகள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கால் துன்புறத் தொடங்கியபோது, நீரில் ஏதேனும் குறை உண்டா என்று சுகாதார அலுவலகம் 19ஆம் நாள் கேட்டது. 20ஆம் நாளும் கேட்டது. நீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றே விடை வந்தது. முடிவில் 21ஆம் நாள், சோதனை விவரம் கைக்கு வராத நிலையிலும், சுகாதார அதிகாரி தம் பொறுப்பிலேயே, நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று மக்களை எச்சரித்தார்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர்; எழுவர் மாண்டனர். சிறுநீரகம் கெட்டு நெடுநாள் துன்புற்ற குழந்தைகளும் உண்டு.

நீதிபதி டென்னிஸ் ஓ கானர் தலைமையில் விசாரணை நடந்தது. அதன் அறிக்கை 2002இல் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதிலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஐந்தாம் எண் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி பொருத்தியிருந்தால் அந்த நோயே பரவியிராது என்பது ஒன்று. 19ஆம் நாள் கேட்டபோதே உண்மை சொல்லப்பட்டிருந்தால், ஏறத்தாழ 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டே நாள் மௌனத்திற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது. 2002இல் ஒண்டேரியோ இயற்றிய குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கெட்ட முடிவு தெரிந்தால் சுகாதார அதிகாரிக்கும் அரசுக்கும் உடனே அறிவித்தாக வேண்டும். நிலையத்தை நடத்துவோர் தேர்ச்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும்.

எச்சரிக்கை விடுத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. வாக்கர்ட்டனில் எச்சரிக்கை உள்ளூர் வானொலியில் ஒலித்தது. ஆயினும் அது பலர் காதுக்கு எட்டவில்லை என்பதை, வானொலியின் முன் அமர்ந்து பேசும் நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் மிஸௌரி மாநிலத்தைச் சேர்ந்த கிடியன் என்னும் ஊரின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அங்கே மக்கள் சுமார் 1,100 பேர். 1993ஆம் ஆண்டின் இறுதியில் சால்மனெல்லா என்னும் கிருமியால் அங்கே நோய் பரவியது. எழுவர் மாண்டனர், அவர்கள் முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள். குளோரின் கலவாத அந்த ஊர் நீரில், பறவைகள் புகுந்து அசுத்தப்படுத்திய மேல்நிலைத் தொட்டியின் வழியே கிருமி சேர்ந்திருக்கலாம் என்று ஆராய்ந்தோர் முடிவு செய்தனர். நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி ஆணை பிறந்த பிறகும், விசாரிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அப்படியே குடித்திருந்தனர். ஏன் என்று கேட்டபோது, மறந்துவிட்டோம் என்றனர் சிலர். நம்பவில்லை என்றனர் சிலர்.

இத்தகைய அனுபவங்களைப் பெற்ற நாடு சட்டத்தின் மூலம் என்ன கேட்கிறது என்று இனிப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 2018இல் நீர்க் கட்டமைப்புச் சட்டம் ஒன்று நிறைவேறியது. 3,300 பேருக்கு மேல் நீர் வழங்கும் ஒவ்வொரு சமுதாய நிலையமும் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. முதலாவது, ஆபத்து மதிப்பீடு. வெள்ளம், புயல் போன்ற இயற்கை இடர்களாலோ, தீயோர் செயலாலோ, கிணறு, குழாய், தொட்டி, சுத்திகரிப்புச் சாலை, கணினிக் கருவிகள், இரசாயனச் சேமிப்பு, நிலையத்தின் பணவசதி ஆகியவற்றுள் எது எங்கே பழுதுபடக்கூடும் என்று ஆராய்வது. இரண்டாவது, அவசரகாலத் திட்டம். அந்தப் பழுது நேர்ந்தால் என்ன செய்வது என்று வகுப்பது. மதிப்பீடு முடிந்த ஆறு மாதத்திற்குள் திட்டம் முடிய வேண்டும்; ஐந்தாண்டுக்கு ஒரு முறை இரண்டையும் மீண்டும் பார்த்துத் திருத்த வேண்டும்; செய்து முடித்ததாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குச் சான்றளிக்க வேண்டும். 3,300க்கு மேல் 50,000க்குக் கீழ்ப்பட்ட மக்களுக்கு நீர் தரும் நிலையங்களுக்கு முதல் மதிப்பீட்டின் கெடு 2021 ஜூன் 30.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாட்டிலுள்ள சமுதாயக் குடிநீர் நிலையங்கள் ஏறத்தாழ 50,000. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, 3,300 அல்லது அதற்குக் குறைவான மக்களுக்கு நீர் தருபவை. அவற்றுக்கு முகமை வழிகாட்டவும் உதவவும் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தக் கட்டாயம் அவற்றின்மேல் இல்லை. கிடியன் போன்ற ஊர் அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. சில மாநிலங்கள் தம் சொந்த விதிகளால் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன.

ஏழை ஊரின்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றலாமா என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. பெருநகரம் செய்வது போல நிபுணர்களை அமர்த்தி நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிக்கை எழுதச் சிற்றூரால் இயலாது. எழுதினாலும் அது பெட்டிக்குள் உறங்கும். ஆனால் சிற்றூருக்கு அத்தனை பக்கம் தேவையே இல்லை. நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும் என்பது என் கருத்து.

யாருக்கு அறிவிப்பது என்பது முதற்கேள்வி. சுகாதார அதிகாரி, மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம், மின்வாரியம், பக்கத்து ஊர் நிலையம் ஆகியோரின் தொலைபேசி எண்களும், ஒருவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். எதை அடைப்பது, எதைத் திறப்பது என்பது இரண்டாவது. குழாய்களின் வரைபடம் ஒரு மனிதரின் மூளையில் மட்டும் இருக்கலாகாது; காகிதத்திலும் இருக்க வேண்டும். நம் நீர் கெட்டால் அல்லது மின்சாரம் நின்றால் வேறு நீர் எங்கிருந்து வரும் என்பது மூன்றாவது. லாரியிலா, பக்கத்து ஊர்க் குழாயிலிருந்தா, ஜெனரேட்டர் யாரிடம் இரவல் பெறுவது என்பதை வெள்ளம் வருமுன் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

மக்களிடம் என்ன சொல்வது என்பது நான்காவது. இது மிக முக்கியமானது. கிருமி கலந்த நீரானால், அது நன்றாகக் கொப்புளித்துக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் தீங்கு நீங்கும். நைட்ரேட் போன்ற இரசாயனம் கலந்த நீரானால், கொதிக்க வைப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் நஞ்சு இன்னும் செறிவாகும். எனவே, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பது ஓர் அறிவிப்பு. குடிக்கவே வேண்டாம் என்பது வேறோர் அறிவிப்பு. எதற்குமே பயன்படுத்த வேண்டாம் என்பது இன்னோர் அறிவிப்பு. மூன்றையும் எளிய சொற்களில் முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும். வானொலியோடு நில்லாமல், ஒலிபெருக்கியிலும், துண்டுத்தாளிலும், வீடு வீடாகச் சென்றும் சொல்ல ஆட்களைக் குறித்து வைக்க வேண்டும். மறப்பவர்களுக்காக மறுநாளும் சொல்ல வேண்டும்.

இந்நான்கும் சில தாள்களில் அடங்கும். ஆண்டுக்கு ஒரு நாள், ஆபத்து வந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு ஒத்திகை பார்த்தால், தொலைபேசி எண் மாறியிருப்பதும், அடைப்பான் துருப்பிடித்திருப்பதும் அன்றே தெரிந்துவிடும். பணம் பெரிதாக வேண்டியதில்லை. வேண்டுவது பொறுப்புணர்ச்சியும், கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்லும் துணிவும். கெட்ட செய்தியைச் சொல்பவர் தண்டனைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்குவது ஊராரின் கடமை. அச்சம் இருக்குமிடத்தில் எந்தத் திட்டமும் வாய் திறக்காது.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளர்களாகவும், மருத்துவர்களாகவும், ஊர் நிர்வாகத்தை ஏற்பவர்களாகவும் வரப்போகிறீர்கள். அந்நாள் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. உங்கள் ஊர்த் தொட்டியின் மூடி பழுதின்றி இருக்கிறதா, குளோரினை அளப்பவர் யார், அவர் இல்லாத நாளில் யார், நீர் கெட்டால் முதலில் யாருக்குச் சொல்வார்கள் என்று பணிவோடு கேளுங்கள். விடை உடனே கிடைத்தால் மகிழுங்கள். விடை கிடைக்காவிட்டால், அதை எழுதும் வேலையில் நீங்களும் ஒரு கை கொடுங்கள்.