லைன் வீட்டில் இன்னொரு பாய்

கோலார் தங்கவயலில் லைன் வீடு என்றால் ஓர் அறை, ஓரமாக அடுப்பு, அவ்வளவுதான். வட ஆற்காட்டுப் பக்கம் மழை பொய்த்தால் பங்காளி மகன் ஒருவன் மாரிக்குப்பத்தில் ரயிலை விட்டு இறங்குவான். "வேலை கிடைக்கிற வரைக்கும்தான் சித்தப்பா!"

சுரங்கத்தில் மூன்று ஷிப்ட். இரவு ஷிப்டுக்குப் போன சித்தப்பாவின் பாய் அவனுக்கு. விடிந்ததும் சுருட்டித் தந்துவிட வேண்டும். பாயைப் பங்கு போடலாம், சோற்றுக்கு என்ன செய்வது? சித்தி அரிசிப் பானையை ஆட்டிப் பார்ப்பாள். 'எப்போது கிளம்புவாய்?' என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியது. இப்போது தங்கவயல் பிள்ளைகள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறார்கள். திரும்பும் ரயில் தவறினால், அங்கே ஏதோ ஒரு சித்தி வீட்டில் பாய் விரிகிறது.