மேல் பல்லுக்கு ஊசி போட்டால் கண் போகுமா?

(தோட்டச் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பல்வலி வந்தால் நம் லயங்களில் என்ன செய்கிறோம்? கராம்பு வைக்கிறோம். புகையிலையை அடக்கிக்கொள்கிறோம். சிலர் டிஸ்பிரின் குளிசையை ஈறில் வைத்து அமுக்குகிறார்கள். அது ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்குமே தவிர, சொத்தைப் பல்லைச் சுகமாக்காது. மூன்று நாள் தூக்கம் இல்லை, கன்னம் வீங்குகிறது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றால், "ஐயோ, இது மேல் பல்லுங்க. ஊசி போட்டுப் புடுங்கினா கண்ணு போயிருமாமே" என்கிறார்கள். இன்றைக்கு இந்தப் பயத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பார்வைக்கு ஒரு நரம்பு. பல்லுக்கு வேறு நரம்பு. மேல் லயத்துக்கு ஒரு தண்ணிக் குழாய், கீழ் லயத்துக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பூட்டினால் மற்றதில் தண்ணி நிற்காது. மேல் பல்லின் நரம்பு கண்ணுக்குக் கீழே இருக்கிற எலும்பு வழியாக வருகிறது. பக்கத்திலே வருகிறதே தவிர, அதற்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஏன் இந்தக் கதை வந்தது? முன்பக்கத்துப் பல்லுகள் சிலவற்றை ஒரே தடவையில் மரக்கச் செய்ய, சில வேளை டொக்டர் கண்ணுக்குக் கீழே வெளிவரும் நரம்பின் பக்கத்தில் மருந்தை விடுவார். அப்போது கீழ் இமை, மூக்கின் ஓரம், மேல் உதடு எல்லாம் மரத்துப்போகும். மிக அபூர்வமாக ஒருவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரியலாம். மருந்து இறங்கினதும் அதுவும் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இதைப் பார்த்தவர்கள்தான் "கண்ணு போயிரும்" என்று பரப்பியிருக்க வேண்டும்.

ஊசி எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மேல் தாடை எலும்பு மெல்லியது, நுண்ணிய துவாரங்கள் உள்ளது. தவறணை மண்ணில் ஊற்றின தண்ணி மாதிரி மருந்து அதில் ஊறி இறங்கும். அதனால் டொக்டர் உதட்டை அல்லது கன்னத்தைத் தூக்கிப் பிடித்து, ஈறும் கன்னமும் சேருகிற மடிப்பில், அந்தப் பல்லின் வேர் நுனிக்கு நேராக மருந்தை விடுகிறார். கீழ்த் தாடையின் பின்பக்க எலும்பு ரோட்டு மண் போல இறுகியது. அங்கே மருந்து ஊறாது. ஆகவே வாயின் உட்புறத்தில், நரம்பு தாடைக்குள் நுழைகிற இடத்தில் போடவேண்டியிருக்கிறது.

மேல் பல்லைப் பிடுங்குவதற்கு இந்த ஒரு ஊசி போதாது. பல்லின் உட்பக்கம், அதாவது மேலண்ணத்துக்கு, வேறு நரம்பு வருகிறது. அங்கேயும் கொஞ்சம் மருந்து விடவேண்டும். அண்ணத்துத் தசை எலும்போடு ஒட்டி இறுகி இருப்பதால் அந்த ஊசி கொஞ்சம் வலிக்கும். அதை மறைக்கவில்லை. மெதுவாக, சிறிதளவு விட்டால் வலி குறையும். சில இடங்களில் முதலில் மரக்கும் களிம்பு பூசி ஒன்றிரண்டு நிமிஷம் பொறுப்பார்கள். நீங்கள் தலையைத் திருப்பாமல், மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள்.

மருந்தின் பெயர் லிக்னோகேயின். சுவீடன் விஞ்ஞானி நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கியது. 1948 முதல் விற்பனைக்கு வந்தது. ஒரு குப்பியில் சுமார் 2 மில்லி லீட்டர்தான் இருக்கும். மருந்து அதிக நேரம் நிற்கவும் இரத்தம் குறையவும் அதில் கொஞ்சம் அட்ரினலின் சேர்ந்திருக்கும். அதனால் நெஞ்சு சற்று நேரம் படபடக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மரத்தபின் வலி தெரியாது, அழுத்துவதும் இழுப்பதும் தெரியும். "ஊசி புடிக்கல" என்று எழும்பி ஓடாதீர்கள். நிஜமாகக் குத்துகிற வலி என்றால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சீழ் பிடித்த இடத்தில் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. "ஒரு பேர் போயிருமே" என்று நாள் கடத்திக் கன்னம் வீங்கின பிறகு போனால்தான் ஊசியும் பிடிக்காமல், வலியும் கூடி, இரண்டாம் தடவையும் போகவேண்டி வருகிறது. ஒரு பேரைக் காப்பாற்றப் போய் மூன்று பேரை இழக்கிறோம். மேல் பல்லின் சீழ் கண்பக்கம் ஏறினால் கண்ணுக்கும் உயிருக்கும் கூட ஆபத்து. ஆகக் கண்ணுக்குப் பகை ஊசி அல்ல, கவனிக்காத பல்தான். கண் மூடுகிற அளவு வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால் விடியும்வரை பார்க்காதீர்கள். அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போகும் முன்: வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். பிரஷர், சீனி, இருதய நோய், இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிற தங்கச்சிமாரும் அதைச் சொல்லுங்கள். இந்த ஊசியைக் கர்ப்பிணிகளுக்கும் போடலாம், எப்போது செய்வது என்று டொக்டர் முடிவெடுப்பார்.

வந்த பின்: பஞ்சை அரை மணித்தியாலம் கடித்திருங்கள். உதடு 2, 3 மணித்தியாலம் மரத்திருக்கும். அதுவரை சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். பிள்ளைகள் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக் காயமாக்குவார்கள், பக்கத்திலேயே இருங்கள். அன்றைக்கு வாய் கொப்பளிப்பதும், வெற்றிலையும், சுருட்டும், சாராயமும் வேண்டாம். மறுநாள் இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். இரத்தம் நிற்காவிட்டால் திரும்பப் போங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் இதற்குக் காசு இல்லை. பல்வலி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறவர்களை ஒன்றுசேர்த்து ஒரே நாளில் அனுப்ப ஏற்பாடு செய்வோம். வீட்டில் பல்லைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற பெரியவர்களுக்கும் இதைப் போய்ச் சொல்லுங்கள்.