மலை ஏறுகிறவர் ஈரலிலும் கொழுப்பு படியும்

(யட்டவத்த பகுதித் தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இந்த இடத்தில் இன்று ஈரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமக்கு இருக்கிற ஒரே முதல் நம்முடைய உடம்பு. அந்த முதல் கரைந்துகொண்டு போனால் கூடின சம்பளம் கிளினிக்குக்கும் மருந்துக்கும் பஸ் காசுக்கும்தான் போகும். ஆகவே இதுவும் சங்கத்தின் வேலைதான்.

நம் லயங்களில் ஈரல் கெட்டுவிட்டது என்று சொன்னால் உடனே கேட்கிற கேள்வி, "நல்லா குடிப்பாரோ?" என்பதுதான். சாராயமும் கசிப்பும் ஈரலைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சொட்டும் தொடாத அம்மாவுக்கும் ஈரலில் கொழுப்பு படிகிறது. அவரை ஊர் சந்தேகமாகப் பார்க்கிறது. அந்த வெட்கத்திலேயே பலர் வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சை முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

ஈரல் என்ன செய்கிறது?

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்குள்ளே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறையில் இருக்கிறது ஈரல். அதை நம் ஸ்டோரோடு ஒப்பிடலாம். மலையில் பறித்த கொழுந்தெல்லாம் கடைசியில் ஸ்டோருக்குத்தானே வருகிறது? அதுபோல நாம் சாப்பிடுகிறதெல்லாம் குடலில் கரைந்து, பெரும்பாலும் ஈரலுக்குத்தான் முதலில் போகிறது. உடனே வேண்டிய சீனியை ஈரல் இரத்தத்துக்கு அனுப்பும். கொஞ்சத்தைச் சேமித்து வைக்கும். சேமிப்பும் நிரம்பினால் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றும். அனுப்ப முடியாத அளவுக்குக் கொழுப்பு சேர்ந்தால் அது ஈரலுக்குள்ளேயே தங்கிவிடும். இதைத்தான் கொழுப்பு ஈரல் என்கிறார்கள்.

ஆரம்பத்தில் இதற்கு வலி இல்லை. வருடக் கணக்கில் தெரியாமலே இருக்கும். எல்லோருக்கும் இது முற்றுவதில்லை. சிலருக்கு ஈரல் அழற்சி கண்டு, தழும்பு விழுந்து, கடைசியில் இறுகிப்போகும். வயிறு வீங்கி, கால் வீங்கி, கண் மஞ்சளாகி வரும்போது காலம் கடந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. கொழுப்பு படிந்த ஈரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் சீனி வருத்தமும் பிரஷரும் மாரடைப்பும் இதோடு கூட்டாளிகளாக வருகின்றன.

நம் ஆட்களைப் பார்த்த ஆய்வு

களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து வைத்தியர்கள் ராகமை நகர்ப்புறத்தில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 33 பேருக்குக் குடியால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. பிறகு அதே வயதுக்காரர்களை நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் பார்த்தார்கள். 403 பேர் கலந்துகொண்டார்கள். அநேகமாக எல்லோரும் தமிழர். அங்கே நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது. இந்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். தோட்டத்தில் நகரத்தை விடக் குறைவு. உடம்பு அசைந்து செய்கிற வேலை நம்மை ஓரளவு காக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மலை ஏறி இறங்கி, வறுமையில் வாழ்கிற மக்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட வந்திருக்கிறது. ஆகவே "நாம கஷ்டப்படுற சனம், நமக்கு வராது" என்று இருந்துவிட முடியாது. யாருக்கு அதிகம் வந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது: ஆண்களுக்கு, உடல் நிறை கூடியவர்களுக்கு, இடுப்புச் சுற்றளவு கூடியவர்களுக்கு, பிரஷரும் சீனியும் ஏறியவர்களுக்கு.

கஷ்டப்பட்ட சனத்துக்கு இது ஏன் வருகிறது? 2016 ஆம் ஆண்டு நாடு முழுக்க எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேருக்குக் கிட்ட. தாயின் வயிற்றிலேயே போதிய சத்துக் கிடைக்காமல் நிறை குறைந்து பிறக்கிற பிள்ளை, பின்னாளில் மாவும் சீனியும் நிறையச் சாப்பிட்டு, உடம்பு அசையாமலும் இருந்தால், அதற்குச் சீனி வருத்தம் வருகிற வாய்ப்பு கூடுகிறது. பட்டினியும் கொழுப்பும் ஒரே காம்பிராவில் குடியிருப்பது இப்படித்தான்.

வேலையும் மாறிவிட்டது. பென்ஷன் வயதுக்குப் பிறகு மலைக்குப் போகாதவர்கள், கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கார்மென்ட்ஸில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் என்று நம் வீடுகளில் இப்போது பலர். சாப்பாடு மட்டும் மலைக்குப் போன காலத்துச் சாப்பாடு.

தட்டில் என்ன மாற்றலாம்?

முதலில் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பத்துக் கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் வைத்தாலும் 40 கிராம். மாதத்துக்கு ஓர் ஆளுக்கு 1 கிலோ 200 கிராம். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஐந்து கிலோவுக்குக் கிட்ட. சேர்க்கிற சீனி நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டும் பணிஸும் சோடாவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. சீனியில் பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்கே போய், மிஞ்சினால் கொழுப்பாகிறது. ஆகவே கோப்பைக்கு அரைக்கரண்டி, அரைக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள். சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும். கடைக்கு மிச்சமாகிற காசு பருப்புக்கு ஆகும்.

பிள்ளைகள் வாங்குகிற சோடாப் போத்தலில் நிற அடையாளம் இருக்கிறது. 2016 முதல் சட்டப்படி போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. சிவப்பைப் பார்த்தால் திருப்பி வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்தது ரொட்டி. விடியற்காலையில் அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு ரொட்டியும் சம்பலும்தான் கையோடு கொண்டு போக முடிகிற சாப்பாடு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ரொட்டியை ஒன்று குறைத்து, அந்த இடத்தில் அவித்த கௌபியோ கடலையோ பருப்போ வையுங்கள். மாவில் முருங்கைக் கீரையைப் பிசைந்து சுடலாம். குரக்கன் மா கலக்கலாம். இரவில் சோற்றை அரைத் தட்டுக்குக் குறைத்து, மற்றப் பாதியில் கீரையும் மரக்கறியும் வையுங்கள். நம் மாத்தளைப் பக்கத்தில் பலாவுக்கும் வாழைப்பூவுக்கும் வல்லாரைக்கும் பஞ்சமில்லை. பலாக்காயும் மாச்சத்துத்தான், சோற்றோடு கூட்டாமல், சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுங்கள். கருவாடு நல்லது, உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள்.

சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நம் பெண்களின் இரத்தம் குறைய அதுவும் ஒரு காரணம். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. அவர்களுக்கு முட்டையும் பருப்பும் கூட வேண்டும்.

அசைவு

கால் தசையும் தொடைத் தசையும் சீனியை எரிக்கிற அடுப்புகள். அவை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கின்றன. ஈரலின் சுமை குறைகிறது. உடம்பு நிறை குறையாவிட்டாலும்கூட, ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவர்களின் ஈரல் கொழுப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிழமைக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடந்தால் போதும்.

நாள் முழுக்கக் கொழுந்து எடுத்து இறங்கி வருகிற அக்காவிடம் நான் நடக்கச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வு. பகல் இரண்டு மணிக்கே வேலை முடிந்து வருகிற அண்ணன்மாரிடம்தான் கேட்கிறேன். அந்த ஆய்வில் கொழுப்பு ஈரல் அதிகம் இருந்தது ஆண்களுக்கு என்று சொன்னேன் அல்லவா? பீலித் தண்ணியை நீங்கள் சுமந்து வாருங்கள். விறகை நீங்கள் கொண்டு வாருங்கள். உங்கள் ஈரலுக்கும் நல்லது, வீட்டுப் பெண்ணின் இடுப்புக்கும் நல்லது.

நிறை கூடியவர்கள் எவ்வளவு குறைக்க வேண்டும்? 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஐந்து முதல் ஏழு கிலோ குறைத்தால் அழற்சியும் தணியலாம். இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. ஆறு மாதம், ஒரு வருடம் எடுக்கட்டும். சீனிக்கு மருந்து எடுக்கிறவர்கள் பட்டினி கிடக்கவோ தாமாக மருந்தை நிறுத்தவோ கூடாது. ஈரலுக்கென்று யாராவது தருகிற கஷாயத்தையும் பொடியையும் டொக்டரிடம் சொல்லாமல் குடிக்காதீர்கள். ஈரலைக் கெடுக்கிற சரக்கும் அவற்றில் உண்டு. ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று தெரிந்தவர் சாராயத்தை முழுக்க விட்டுவிடுவதே புத்தி.

சோதனையும் கோரிக்கையும்

வீட்டில் ஒரு அளவு நாடா எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் சோதித்துக்கொள்ளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் அரசாங்க வைத்தியசாலைகளிலும் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறையும் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றுச் சீனி 100 க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 க்கு மேல் என்றால் மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள். ஈரலுக்கான இரத்தச் சோதனை சரியாக வந்தாலும் கொழுப்பு இருக்கலாம். டொக்டர் ஸ்கேன் எழுதினால் தவறாமல் போங்கள்.

ஆனால் தோழர்களே, கிளினிக் நடக்கிற நேரம் பெரட்டு நேரம். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. அதனால்தான் இலவசச் சோதனையும் நமக்கு ஒரு நாள் சம்பளம் ஆகிறது. எனவே இந்தக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, வருடத்துக்கு ஒரு முறை 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் தோட்டத்திலேயே சோதிக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேர் வெட்டக் கூடாது. இரண்டு, மாதாந்தக் கிளினிக் அட்டை உள்ளவருக்குச் சம்பளத்தோடு அரை நாள் வேண்டும். மூன்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீரையும் மரக்கறியும் போடுவதற்குக் காணித் துண்டு வேண்டும். நிர்வாகத்திடம் இதைக் கேட்பது சங்கத்தின் பொறுப்பு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கிளினிக்குக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள் சம்பளம் இழந்தார்கள் என்று பெயர் போடாமல் எண்ணிக்கை மட்டும் எடுத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கு கையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தையில் நம் குரல் நிற்கும்.

சீனியைக் குறைப்பது நம் கையில். சம்பளத்தோடு கிளினிக்குக்குப் போகிற உரிமை நம் எல்லோரின் ஒற்றுமையில். இரண்டையும் இந்த மாதமே தொடங்குவோம்.