முற்றத்தில் விழும் மழைக்கு யார் பொறுப்பு?

(விட்ஸ்டபிளில் நடந்த எமது மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்ர தமிழ் இடைக்கிடை தடக்குப்படும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "கடலுக்குள்ள கழிவைத் திறந்து விடுறது கம்பனி. நீ ஏன் சனத்தின்ர வீட்டுப் பீலியைப் பற்றிக் கதைக்கிறாய்?" அதுக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அவருடைய கோபம் நியாயமானது. 2010க்கும் 2015க்கும் இடையில் கென்ட், சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் பகுதிகளில் சுத்திகரிக்காத கழிவுநீரைத் திறந்துவிட்டதற்காக 51 குற்றங்களை சதர்ன் வோட்டர் ஒப்புக்கொண்டது. 2021 ஜூலையில் கான்டர்பரி நீதிமன்றம் விதித்த தண்டம் 9 கோடி பவுண். அதற்குப் பிறகு இந்த ஊரில் சிலர் கழிவுநீர்க் கட்டணத்தைக் கட்ட மாட்டோம் எண்டு நிண்டவை. 1989இல் தண்ணீரைத் தனியாருக்கு விற்றதின் விளைவு இது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் அந்தக் குழாய்க்குள் என்ன போகுது எண்டு பாருங்கோ. பழைய றோட்டுகள் பலவற்றில் கக்கூசுத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. மழை பெய்து குழாய் நிரம்பினால் வீடுகளுக்குள் திரும்பி வரக்கூடாது என்பதற்காகக் கடலுக்கோ ஆற்றுக்கோ திறந்துவிடுவார்கள். கடும் மழைக்கு மட்டும் என்று கொடுத்த அனுமதி அது. 2023இல் இங்கிலாந்து முழுவதும் 4,64,000 தடவைக்கு மேல், கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 36 லட்சம் மணித்தியாலம் திறந்திருந்தார்கள்.

100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர். அறுபது வீடுள்ள தெருவில் 60,000 லீற்றர். இது கூரை மட்டும். முற்றத்தை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

முற்றம் என்றால் எங்கட வீட்டுக் கதைக்கு வரவேணும். ஜில்லிங்ஹமில் அப்பா வீடு வாங்கினபோது முன்னுக்குப் புல்லும் ஒரு ரோசாச் செடியும் இருந்தன. 2014இல் இரண்டாவது கார் வந்தது, புல்லுப் போய் சீமெந்துக் கல்லு வந்தது. கல்லுப் பதிக்க வந்தவர் "கவுன்சிலுக்கு ஒண்டும் அறிவிக்கத் தேவையில்லை" எண்டு சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார். அது பிழை. 2007 கோடை வெள்ளத்துக்குப் பிறகு, 2008 அக்டோபர் 1இலிருந்து இங்கிலாந்தில் ஒரு விதி இருக்கிறது: வீட்டின் முன்பக்கத்தில் 5 சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டால் திட்டமிடல் அனுமதி எடுக்கவேணும். தண்ணீர் இறங்குகிற கல்லைப் போட்டால், அல்லது ஓடுகிற தண்ணீரைப் புல்லுத்தரைக்கோ பூம்பாத்திக்கோ திருப்பினால், அனுமதி தேவையில்லை. அவ்வளவுதான்.

அம்மா யாழ்ப்பாணம். சுண்ணாம்புக்கல் நிலம், வற்றாத ஆறு இல்லை, மழைத் தண்ணி கீழே இறங்கினால்தான் கிணற்றில் தண்ணி. "முத்தத்துத் தண்ணிதானே கிணத்துத் தண்ணி" எண்டு இப்பவும் சொல்லுவா. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நாங்கள்தான் கார் நிற்பாட்ட முற்றத்தை மூடினோம். எங்கட சனத்தின் எத்தனை வீடுகள் இப்படி இருக்குது எண்டு உங்களுக்கே தெரியும்.

ஆனால் விதியின் ஓட்டை எங்கே பெரிது? பின்வளவு இதில் வராது. 2008க்கு முன் போட்ட தளமும் வராது. பெரிய ஓட்டை புதுக் குடியிருப்புகளில். 1991ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 106ஆவது பிரிவின்படி, புது வீடுகளின் மழைநீரையும் பொதுக் குழாயில் இணைக்கும் உரிமை இருக்கிறது. இதை மாற்றத்தான் 2010ஆம் ஆண்டு வெள்ள, நீர் முகாமைச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணையை எழுதினார்கள்: முதலில் மழைநீரை நிலத்திலேயே தாங்கும் திட்டம், அதற்கு அங்கீகாரம், பிறகுதான் இணைப்பு. வேல்ஸ் 2019 ஜனவரியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு மேல் கட்டினாலும், கட்டும் பரப்பு 100 சதுர மீற்றரைத் தொட்டாலும் அங்கீகாரம் தேவை. இங்கிலாந்தில் அந்த அட்டவணை இன்னும் கடதாசியில்தான். ஒரு கார் விடுகிற அப்பாவுக்கு விதி, நூறு வீடு கட்டுகிறவருக்குக் காத்திருப்பு. என்ர கோபம் இங்கதான்.

அதனால், தோழரே, பீலியைப் பற்றிக் கதைத்தால் கம்பனி தப்பிவிடும் எண்டு நான் நினைக்கவில்லை. வைட் தீவில் ஹேவன்ஸ்ட்ரீட் என்ற கிராமத்தில் இதே கம்பனி வீடு வீடாக மழைநீர்ப் பரல் கொடுத்தது. மெதுவாகக் கசியவிடும் பரல். அடுத்த மழைக்கு எப்பவும் இடம் இருக்கும். அங்கே முடிந்தால் இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஏன் முடியாது? செலவைத் தனித்தனி வீட்டுக்காரர் சுமக்கத் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசியாக, என்னைப்போல வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கு. பீலியை வெட்டித் திருப்ப எங்களுக்கு உரிமை இல்லை, வீட்டுக்காரரிடம் கேட்கவேணும். ஆனால் பில் உங்கட பேரில் வந்தால் அதில் மழைநீர் வடிகாலுக்கான கட்டணம் இருக்கும். வீட்டு மழைநீர் ஒரு சொட்டும் பொதுக் குழாய்க்குப் போகாமல் நிலத்துக்குள் இறங்கினால் அந்தக் கட்டணத்தில் கழிவு கேட்கலாம். கேட்டால்தான் தருவார்கள். அடுத்த மாதம் வரேக்க பில்லைக் கொண்டு வாங்கோ, மழை பெய்யேக்க பீலித் தண்ணி எங்க போகுதெண்டும் பார்த்துக்கொண்டு வாங்கோ. இருந்து நிரப்புவோம்.